விடைபெற ஒரு பாட்டு... எல்விஸுக்கும் ஒரு 'நோ'! - டோலி பார்டன் ஜெயித்த கதை

பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஒரு மூட்டை சோள மாவைத்தான் ஃபீஸாகக் கொடுத்தார் அப்பா. 1946 ஜனவரியில், அமெரிக்காவின் டென்னசி மலைப்பகுதியில் அப்படிப் பிறந்த குழந்தைதான் டோலி பார்டன். வீட்டில் மொத்தம் 12 பிள்ளைகள், டோலி நான்காவது.

கிழிசல் துணிகளை ஒட்டுப்போட்டு அம்மா தைத்துக் கொடுத்த கோட்டைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். பிள்ளைகள் கேலி செய்து சிரித்தார்கள். அந்த வலியைத்தான் 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' என்று 1971-ல் பாட்டாக வெளியிட்டார்.

முதல் கிடார், 8 வயதில் தாய்மாமன் கொடுத்தது. 1964-ல் பள்ளிப்படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில்லுக்கு பஸ் ஏறிவிட்டார். கிராமத்து மனிதர்களின் காதலையும் கஷ்டத்தையும் பாடும் 'கன்ட்ரி' இசைக்கு அந்த நகரம்தான் தலைநகரம்.

1967-ல் பிரபல பாடகர் போர்ட்டர் வேகனரின் டி.வி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. ஆரம்பத்தில் ரசிகர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை. முன்பு அந்த இடத்தில் இருந்த நார்மா ஜீனின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். போகப் போக போர்ட்டர் - டோலி ஜோடிப் பாடல்கள் ஹிட் அடித்தன. ஆனால், எவ்வளவு பாடினாலும் 'போர்ட்டரோடு பாடுற பொண்ணு' என்ற பெயர்தான்!

தனியாகப் பாட நினைத்தார் டோலி. போர்ட்டர் விடவில்லை. தினமும் வாக்குவாதம். பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், வீட்டுக்குப் போய் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை எழுதினார். மறுநாள் அவர் எதிரிலேயே பாடிக்காட்ட, போர்ட்டர் அழுதேவிட்டாராம். 1974-ல் டோலி வெளியேறினார்; அதே ஆண்டு அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. கண்ணீரோடு கதை முடியவில்லை. பிறகு அதே போர்ட்டர் பணம் கேட்டு வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது தனிக்கதை.

இதற்கிடையே எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட விரும்பினார். யாருக்குத்தான் கசக்கும்? ஆனால், பாடலின் பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று அவருடைய மேனேஜர் நிபந்தனை போட, டோலி மறுத்துவிட்டார். அன்றிரவு முழுக்க அழுததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். அமெரிக்கப் பட்டியலில் தொடர்ந்து 14 வாரங்கள் முதலிடம். ராயல்டி கொட்டியது. பாதியைப் பங்கு கேட்க யாரும் இல்லை!

அந்தப் பணத்தில் கிரேஸ்லேண்டையே வாங்கியிருக்கலாம் என்று கிண்டலாகச் சொல்வார் டோலி. கிரேஸ்லேண்ட்... எல்விஸ் வாழ்ந்த மாளிகை!