கணக்கில் வராத கூத்துப் பாட்டு

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் விடிய விடிய ஆடப்படும் நாட்டுக்கூத்தில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகை உண்டு. இவற்றை ஆராயப் புகும் மாணவர் இசை விற்பனைக் கணக்கை நம்பலாமா?

1952இல் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா', பின்னாளில் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் கொண்டே ஹிந்திப் பாடல்களை வரிசைப்படுத்தியது. அமெரிக்காவிலோ கடைக்காரரின் வாய்ச்சொல்லே நெடுங்காலம் ஆதாரம். 1991இல் விற்பனை இயந்திரத்தின் பதிவைப் 'பில்போர்ட்' பத்திரிகை ஏற்றதும் ராப் இசை மளமளவென்று மேலேறிற்று. ரசிகர் மாறவில்லை, எண்ணிய முறைதான் மாறிற்று!

இன்றைய தரவுத்தளங்கள் இணையத்தில் ஒரு பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதையும் கூறும். சினிமாப் பாடலை ஆராய்வோர்க்கு அவை பெருந்துணை. அண்ணாவியாரின் பாட்டோ பெரும்பாலும் விலைக்கு வருவதில்லை. அதனைத் தேடி ஊருக்கே செல்லல் வேண்டும். கூத்துக் கொப்பியில் சொல் கிடைக்கும். மெட்டு, முதுமையெய்திய அவர் குரலில்தான் இருக்கிறது.