போலீஸில் ஒரு சொல், கூண்டில் ஒரு சொல்

நாள்வழியில் ஒரு தொகை, பேரேட்டில் வேறு தொகை என்றால், கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டி விளக்கம் கேட்போம். நீதிமன்றத்தில் சாட்சியையும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். ஆள் கடத்தல் வழக்குகள் பல, மேல்முறையீட்டில் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

விசாரணையின்போது போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலம் தன்னளவில் சாட்சியம் ஆகாது. சாட்சி அதில் கையெழுத்துப் போடவும் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு இது; 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 181. அந்த எழுத்து முக்கியமாக ஒன்றுக்குத்தான் உதவும்: கூண்டில் சொல்வது அதற்கு முரணானால் சாட்சியை மடக்குவதற்கு. அதற்கும் முறை உண்டு. முரணான பகுதியைச் சாட்சிக்கே எடுத்துக்காட்டிக் கேட்க வேண்டும் (பழைய சாட்சியச் சட்டம் 145, புதியதில் 148). அவர் மறுத்தால், எழுதிய அதிகாரியை விசாரித்து நிரூபிக்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு, மேல்முறையீட்டில் வந்து "சாட்சி மாற்றிப் பேசினார்" என்றால் எடுபடாது. முக்கியமான ஒன்றைப் போலீஸில் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் முரணாகலாம். இது நம்மவர் பலருக்குத் தெரியாது.

கூண்டில் சொன்ன சொல்லின் எடைக்கு வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம் என்ற வழக்கைப் பாருங்கள். 1960 அக்டோபரில் சென்னையில் நடந்தது. பதினெட்டு நிரம்பச் சில வாரமே இருந்த கல்லூரி மாணவியைக் கடத்தியதாகத் தண்டனை. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அந்தப் பெண்ணின் சாட்சியப்படி, போன் செய்து வரச் சொன்னது அவரே, காரில் ஏறியதும் தானாகவே. கூடப் போவது வேறு, கொண்டுபோவது வேறு என்று 1964இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட என்போன்ற சமணருக்கு முதலில் ஒன்று உறுத்தும்: உண்மை சொன்னவனையும் மடக்கலாமா? மடக்கலாம்தான், ஏனென்றால் முரண் அவன் நாக்கில் இல்லாமல் எழுதியவர் பேனாவிலும் இருக்கலாம். "பையனை முந்தாநாள் சாயங்காலம் பார்த்தேன்" என்பதை, இந்தி சரியாக வராமல், "கல் ஷாம்" என்று சொல்லிவிடுகிறோம். அவர் "நேற்று" என்று எழுதிக்கொள்வார். காணாமல் போன குழந்தையின் வழக்கில் ஒரு நாள் பிசகு போதும், குற்றவாளி தப்ப. அல்லது வேறொருவன் மாட்ட.

புகார் மட்டும் வேறு. அதில் கையெழுத்து உண்டு, வாசித்துக் காட்டவேண்டியதும் சட்டம், நகலும் இலவசம். தமிழும் உள்ளூர் மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், வரி வரியாகக் கேட்டபின் போடுங்கள் கையெழுத்தை.