கையால் தோண்டும் தீவு உருளை

பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கரையை ஒட்டி, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது நுவார்மூத்தியே தீவு. 1971ல் பாலம் வரும்வரை, கடல் வற்றும் நேரத்தில் தரைவழியாகப் போவார்கள். அந்தப் பாதை இன்றும் உண்டு. நான் சென்றது மே மாதம். சந்தடியில்லாத ஊர். ஒருபுறம் உப்பளம், மறுபுறம் மணற்பாங்கான உருளைக்கிழங்கு வயல்.

அங்கு விளையும் 'பொனோத்' ரகத்தை பிப்ரவரி தொடக்கத்தில் நட்டு, சுமார் 90 நாளில் இளங்கிழங்காக எடுக்கின்றனர். தோல் மிக மெல்லியது என்பதால் கையால்தான் அறுவடை. தோலோடு வேகவைத்து, வெண்ணெயும் தீவின் உப்பும் சேர்த்துத் தந்தனர். மசாலாவே தேவைப்படவில்லை.

இயந்திர அறுவடைக்கு ஒத்துவராததால், இடையில் இந்த ரகம் கைவிடப்பட்டது. 1990களில் தீவின் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அதை மீட்டது. வரத்து சில நாட்களே. ஊர்ப் பெயரோடு விற்பதால் சாதாரண கிழங்கைவிடப் பல மடங்கு விலை.

மணல் நிலத்துக்கு அவர்கள் இடும் உரம் கடற்பாசி. இதில் சாம்பல் சத்து அதிகம், மணிச்சத்து குறைவு. நம் கடலோர விவசாயிகளும் பயன்படுத்தலாம். கரை ஒதுங்கியதை மட்டும் சேகரித்து, நல்ல தண்ணீரில் உப்பு போக அலசி, மட்கவைத்து இட வேண்டும். கடலுக்குள் பறிக்கக் கூடாது.

விதை எஞ்சியிருந்ததால்தான் பொனோத் திரும்பி வந்தது. மகசூல் குறைவென்று நாட்டு ரகத்தைக் கைவிடும் முன், ஒரு சென்டிலாவது பயிரிட்டு விதையைக் காப்பாற்றுங்கள்.