'கடகட... கிறீச்... டக் டக்...' உங்கள் பழைய கார் என்ன சொல்கிறது?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கிலி பிடிக்க வைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும் சார்!" ஒர்க் ஷாப்பில் இதைக் கேட்டதும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், அடுத்த மாத இ.எம்.ஐ எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்துபோகும்.

ஆனால், பழைய காரில் கேட்கும் பல சத்தங்களுக்கு இன்ஜினை இறக்கவே தேவையில்லை. தேய்ந்த பெல்ட், தளர்ந்த போல்ட், கிழிந்த ரப்பர் என்று காரணம் சின்னதாகவே இருக்கும். இன்னொரு பக்கம், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று நாம் கண்டுகொள்ளாமல் விடும் ஒருசில சத்தங்கள்தான் இன்ஜினையே காவு வாங்கிவிடும். எது பொறுக்கும், எது பொறுக்காது என்று தெரிந்துகொண்டால் பர்ஸும் தப்பும், பயணமும் பத்திரமாக இருக்கும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் காரை இன்றும் நம் ஊர்த் தெருக்களில் பார்க்கலாம். சான்ட்ரோ, ஜென், ஆல்ட்டோ, இண்டிகா என்று அதற்குத் துணையும் உண்டு. கார்புரேட்டர் காலத்து மாருதியில் ஸ்கேனரைச் செருகக்கூட இடம் கிடையாது. அங்கே காதுதான் கம்ப்யூட்டர்!

முதல் கேள்வி: இன்ஜினா, சக்கரமா?

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். இதற்கு எளிமையான இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து மெதுவாக ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். அப்போதும் அதே சத்தம் வந்து, மிதிக்க மிதிக்க வேகமானால் அது இன்ஜின் பக்கத்துச் சத்தம். நின்றிருக்கும்போது வராமல், ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் சந்தேகப்படலாம்.

அடுத்தது, ஆள் நடமாட்டம் இல்லாத நேர் சாலையில் செய்ய வேண்டியது. 40 கி.மீ வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்ச்சை மட்டும் மிதியுங்கள். இன்ஜின் வேகம் இறங்கும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது சத்தம் அடங்கினால் இன்ஜின் பக்கம். வண்டியின் வேகத்தோடு தொடர்ந்தால் சக்கரம் பக்கம். ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி ஆஃப் செய்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் கட்டையாகிவிடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இதற்கெல்லாம் பதற வேண்டாம்!

* ஏ.சி போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம்: கம்ப்ரஸர் சேர்கிறது. ஏ.சி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டும் சுத்தமான தண்ணீரும் இயல்பானதுதான்.

* வண்டியை ஆஃப் செய்த பிறகும் ஃபேன் ஓடுவது: பல கார்களில் ரேடியேட்டர் சூடு தணியும்வரை அது ஓடும். கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும்.

* வண்டியை நிறுத்தியதும் 'டிக் டிக்': சூடான சைலன்ஸர் குளிர்ந்து சுருங்கும் சத்தம்.

* நிற்கும்போது லேசான நடுக்கம்: மாருதி 800, பழைய ஆல்ட்டோ போன்றவற்றில் இருப்பது 3 சிலிண்டர் இன்ஜின். 4 சிலிண்டர் வண்டி அளவுக்கு அது மழுங்கலாக ஓடாது. நடுக்கம் திடீரென்று அதிகமானால் மட்டும் கவனியுங்கள்.

* பின்பக்கம் 'லொட லொட': மெக்கானிக்கைத் தேடும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் கட்டவிழ்ந்து உருண்டுகொண்டிருக்கலாம். கதவுப் பையில் கிடக்கும் சில்லறைக் காசுகூட ஆளை அலைக்கழிக்கும்.

இந்த வாரமே பார்க்க வேண்டியவை

*காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீ...ச்':* பெரும்பாலும் ஃபேன் பெல்ட் நழுவும் சத்தம். இன்ஜின் ஆஃப் ஆகி, ஆறியிருக்கும்போது பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்பு, பளபளப்பு, பிரிந்த நூல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அந்த பெல்ட்தான் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. பல கார்களில் வாட்டர் பம்ப்பையும் அதுவே சுற்றும். அறுந்தால் வண்டி ஹீட் ஆகிவிடும். இன்ஜின் ஓடும்போது துப்பட்டா, முந்தானை, தொங்கும் செயின் எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது.

*தையல் மெஷின் போல 'டிக் டிக் டிக்':* மெக்கானிக்குகள் 'டேப்பட் சத்தம்' என்பார்கள். முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், வால்வு இடைவெளியை ஃபில்லர் கேஜ் வைத்து அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மாருதி 800 இன்ஜினில் இதை ஸ்க்ரூ மூலமே சரிசெய்துவிடலாம், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'சத்தமே வரக் கூடாது' என்று இறுக்கிவிட்டால் வால்வு சரியாக மூடாமல், நாளடைவில் எரிந்துவிடும். லேசான சத்தம் இருப்பதே மேல். கேஸ் கிட் பொருத்திய வண்டிகளில் இந்த இடைவெளியை அடிக்கடி பரிசோதிப்பது நல்லது.

*ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டக் டக் டக்':* முன் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் இணைப்பு தேய்ந்திருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுவதுதான் ஆரம்பம். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கவனித்துவிட்டால் ரப்பரை மாற்றி கிரீஸ் வைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

*வேகம் கூடக் கூட 'ஊ...ம்' என்ற ரீங்காரம்:* சாலையின் தரை மாறும்போது சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி வந்தால் வீல் பேரிங். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

*ஸ்பீட் பிரேக்கரில் 'லொடக்':* லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்ந்திருக்கலாம். பொறுத்துக்கொண்டே ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

*கிளட்ச்சில் சத்தம்:* வண்டி நியூட்ரலில் நிற்கும்போது, கிளட்ச்சை மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங். மிதிக்காதபோது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். முதலாவதைவிட இரண்டாவது பெரிய வேலை.

*மேடு ஏறும்போது 'கட கட':* ஏற்காடு, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாம் கியரிலேயே திணறத் திணற ஏறினால் இன்ஜின் இப்படி முனகும். கியரைக் குறையுங்கள், அடங்கிவிடும். சரியான கியரிலும் தொடர்ந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

*சாவியைத் திருப்பினால் 'டிக்டிக்டிக்' மட்டும்:* பேட்டரி இறங்கியிருக்கலாம் அல்லது டெர்மினலில் வெள்ளைப் பூப்பு படிந்திருக்கலாம். டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பார்க்க வேண்டும்.

*திடீரென்று 'மிஸ்ஸிங்':* ஸ்பார்க் பிளக், பிளக் வயர் இரண்டையும் முதலில் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. எலி! நிறுத்தியே வைத்திருக்கும் காரின் பானெட்டுக்குள் குடிவந்து வயர்களைக் கடித்துவிடும். மழைக்காலத்தில் பூனைகளும் சூட்டுக்காக உள்ளே படுத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

உடனே நிறுத்துங்கள்!

கீழே உள்ளவை 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட முடியாதவை.

*சிவப்பு ஆயில் விளக்கு:* ஓடும்போது இது எரிந்தால், இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினால்கூட பேரிங்குகள் போய்விடும். அதன் பிறகு நிஜமாகவே 'இன்ஜினை இறக்க' வேண்டியதுதான்.

*அடியிலிருந்து 'டொக் டொக்' என்ற கனமான சத்தம்:* டேப்பட் சத்தம் மெல்லியது, இது சுத்தியல் அடி மாதிரி இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமாகும். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்ததன் அறிகுறி. ஓட்டாமல், டோ செய்து கொண்டுபோவதே லாபம்.

*டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுவது:* ஏ.சி-யை ஆஃப் செய்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணையுங்கள். மேம்பாலத்தின் நடுவே மாட்டிக்கொண்டு உடனே நிறுத்த முடியாவிட்டால், ஹீட்டரை முழுதாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு வெளியேறும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே திறக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் மீது சந்தேகப்படலாம்.

*பிரேக்கில் 'கர்ர்ர்' என்ற உரசல்:* மெல்லிய 'கீச்' சத்தம், பேட் தேய்கிறது என்ற எச்சரிக்கை. அது 'கர்ர்ர்' என்று மாறினால், பேட் முழுவதும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

*சைலன்ஸரில் 'புர்ர்ர்', காருக்குள் புகை வாடை:* சைலன்ஸர் பைப்பில் ஓட்டை விழுந்தால் சத்தம் மட்டும் பிரச்னை இல்லை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் புகக்கூடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே எடுத்துவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிடுங்கள். எந்தக் காரிலும், குறிப்பாகப் பழைய காரில், ஏ.சி-யை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். குழந்தைகளையும் தூங்க வைக்காதீர்கள்.

சத்தம் போடாத ஆபத்து

டைமிங் பெல்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாருதி 800, ஜென் போன்ற கார்களில் வால்வுகளை இயக்குவது இந்த ரப்பர் பெல்ட்தான். பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அறுந்துவிடும், வண்டி ஓடும் இடத்திலேயே நின்றுவிடும். சில இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து, அவற்றை வளைத்தும்விடும். கிலோமீட்டர் அதிகம் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் இதை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றிவிடுவது நிம்மதி. ஆல்ட்டோ கே10 போன்றவற்றில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். உங்கள் காரில் எது என்று மேனுவலில் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"ஏதோ சத்தம் வருதுண்ணே" என்றால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? இந்த நான்கையும் சொல்லுங்கள்: வண்டி சூடாவதற்கு முன்பா, பின்பா? நிற்கும்போதா, ஓடும்போதா? நேராகப் போகும்போதா, திரும்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? முன்னாலா, பின்னாலா?

சில சத்தங்கள் மெக்கானிக்கைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். வரும்போதே செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். ஒர்க் ஷாப்பில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக்கைப் பார்த்தால் நம்பிக்கை கொள்ளுங்கள். அதுதான் அவருடைய ஸ்டெதஸ்கோப்.

இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொன்னால், எதனால் என்று கேளுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட், ஆயில் பிரஷர் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடமும் கேட்பதில் தவறில்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். இதையெல்லாம் கேட்பது உங்கள் உரிமை. காரோடு தனியாக ஒர்க் ஷாப்புக்குப் போகும் பெண்களுக்கு இந்தத் தெளிவு பெரிய பலம்.

ஞாயிற்றுக்கிழமை 5 நிமிடம்

சமதளத்தில் நிற்கும் காரை, ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா? ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி போல ஏதாவது படிந்திருக்கிறதா? தொடர்ந்து படிந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு படிந்து ரேடியேட்டரை அடைத்துவிடும். பிரேக் ஆயில், டயர் காற்று, காருக்கு அடியில் சொட்டு. அவ்வளவுதான்.

சொந்தக் காரின் ஆர்.சி 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். அதன் பிறகு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாளுக்கு முந்தைய வாரம் அவசரமாகச் செலவழிப்பதைவிட, சத்தம் வரும்போதே சின்னச் சின்னதாகச் சரிசெய்வது மலிவு.

அடுத்த முறை காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், பாட்டு வால்யூமை ஏற்றாதீர்கள். குறைத்துவிட்டுக் கவனியுங்கள்!