பழைய ஸ்பிட்ஃபயரைக் கட்டி முடிப்பது

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1960-இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் 9 சண்டை விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டைப் பிரித்துக் கொட்டினால் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அளவு 1/72. ஆறடி மனிதன் இதில் ஓர் அங்குலம். நிஜ விமானத்தின் இறக்கை 11.23 மீட்டர்; இங்கே பதினைந்தரை சென்டிமீட்டர். அந்தக் காலச் சிறிய கிட்களுக்கு அட்டைப்பெட்டி கிடையாது. பிளாஸ்டிக் பை, அதன் வாயில் மடித்துப் பின் அடித்த படத்தாள், அவ்வளவுதான். 1952-இல் கோல்டன் ஹைண்ட் கப்பலை இப்படிப் பையில் போட்டு, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றுத்தான் ஏர்ஃபிக்ஸ் இந்தத் தொழிலில் காலூன்றியது.

கத்தியை எடுக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: இதை எவ்வளவு தூரம் திருத்தப் போகிறோம்? இன்றைய கிட்டின் துல்லியத்தை இதில் தேடினால் ஆயுள் முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருக்கலாம். துல்லியம்தான் வேண்டுமென்றால் புதிய கிட் வாங்குங்கள். பழையதை அதன் காலத்து முகத்தோடு, ஆனால் சுத்தமான கைவேலையாக முடிப்பதே சரி என்பது என் கட்சி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் குளியல். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழல ஒரு வழுக்குப்பொருள் பூசுவார்கள். அதன் மிச்சமும் பல வருட அழுக்கும் உதிரிகள் மேல் படிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்துக் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் பெயிண்ட் பிடிக்காது. குழாயடியில் ஒரு வடிகட்டி இருக்கட்டும். சின்ன உதிரி சாக்கடைக்குப் போனால் திரும்பக் கிடைக்காது.

உதிரிகளைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் சட்டென ஒடியும். கூரான நகவெட்டியால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். அச்சு தேயத் தேய உதிரிகளின் ஓரத்தில் பிசிறு கூடும். அதைக் கத்தியால் சுரண்டிவிடலாம். இறக்கை கோணியிருந்தால், கொதிநிலைக்குக் கீழான வெந்நீரில் சற்று நேரம் பிடித்து, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் நிமிர்ந்து நிற்கும்.

இனி ரிவெட், அதாவது விமானத்தின் தகடுகளை இணைக்கும் ஆணி. இந்தக் கிட்டின் உடலெங்கும் புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும். அரை மில்லிமீட்டர் புள்ளியை 72-ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர் குமிழ். அப்படி ஒரு ஸ்பிட்ஃபயர் பறந்ததே இல்லை. ரிவெட்டின் தலை புடைத்திருந்தால் வேகம் எவ்வளவு குறையும் என்று பார்க்க, ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரின் கம்பெனியின் பொறியாளர்கள் ஒரு விமானத்தின் மழுக்கிய ரிவெட்கள் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் குறைந்தது. பிறகு வரிசை வரிசையாகப் பருப்பைப் பெயர்த்து, எந்த இடத்தில் மலிவான ரிவெட் போதும் என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே வரலாற்றுப்படி இந்தப் புள்ளிகள் பிழைதான். இருந்தாலும் முழுவதும் தேய்த்து மொழுக்கென்று ஆக்கிவிடாதீர்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாக ஒரு சுற்று ஓட்டினால் புடைப்பு பாதியாகும், அடையாளமும் மிஞ்சும்.

விமானி அமரும் அறையில் பழைய கிட்கள் தருவது சொற்பம்: ஓர் ஆள், அவர் உட்கார ஓர் இடம். சாம்பல் கலந்த வெளிர்பச்சையை உள்ளே அடித்தால் போதும். மேலே வரும் கண்ணாடி அவ்வளவு தடிமன், உள்ளே என்ன வைத்தாலும் தெரியாது. ஆனால் உடலை மூடும் முன் இதை முடித்தாக வேண்டும்.

ஒட்டுவதற்குக் குழாயில் வரும் கெட்டிப் பசையை விட, தூரிகையோடு வரும் திரவப் பசை மேல். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் தொட்டால் தானாக உள்ளே ஓடும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ரப்பர் பேண்ட் போட்டு ஓர் இரவு விட்டுவிடவும்.

ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பிட்ஃபயர் முகம் தருவது இறக்கை. இரு பக்கமும் 6 டிகிரி மேல்நோக்கி எழும்ப வேண்டும். பழைய கிட்டில் பொருத்து தளர்வாக இருப்பதால் பசை காயும் முன் தொய்ந்துவிடும். அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி அடியில் முட்டுக்கொடுங்கள். முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கோணல் தெரியும். இடைவெளிகளில் பட்டி பூசி, காய்ந்ததும் 400, 800, 1200 என்று படிப்படியாகத் தேய்க்கவும். இணைப்பை ஒட்டிய சில ரிவெட்கள் போய்விடும், போகட்டும்.

பெயிண்டுக்கு முன் சாம்பல் நிற பிரைமர் ஒரு கை. கண்ணுக்குத் தப்பிய வெடிப்பெல்லாம் அப்போது வெளியே வரும். 1943-ன் பிரிட்டிஷ் சண்டை விமானத்துக்கு மேலே அடர்பச்சையும் கருஞ்சாம்பலும், அடியில் வெளிர்சாம்பல். வால்பக்கப் பட்டையும் மூக்குக் கூம்பும் வெளிர்பச்சை சாய்ந்த வானநிறம். இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் கோடு. எனாமலானால் ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் கொடுங்கள். தடித்து ஒரு கை பூசுவதைவிட மெலிதாக மூன்று கை மேல்.

பழைய கிட்டில் உண்மையான சோதனை டீக்கால் என்ற, நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களின் தாள்தான். மஞ்சளித்திருந்தால், காற்றுப் புகாத பையில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். சில நாளில், சிலதற்குச் சில வாரத்தில், வெளுக்கும். அடுத்து, தேவைப்படாத ஒரு துண்டை நீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால் மொத்தத் தாளின் மேலும் தெளிவான வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டித் தனித்தனியாக வெட்டிக்கொள்ள வேண்டும். வார்னிஷ் முழுத்தாளையும் ஒரே படலமாக்கிவிடும். விமானத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்த பிறகே ஒட்டுங்கள். சொரசொரப்பான பரப்பில் அடியில் காற்று சிக்கி வெள்ளியாய் மின்னும்.

இந்தக் கிட்டின் டீக்காலில் உள்ள ஜேஇ-ஜே என்ற எழுத்துகள், 1943-இல் இங்கிலாந்தின் கென்லி விமானத்தளத்தில் கனடியப் படைப்பிரிவுக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் எட்கர் ஜான்சனுடைய பெயரின் முதலெழுத்துகள். தங்கள் விமானத்தில் சொந்த முதலெழுத்துகளைப் போட்டுக்கொள்ளும் சலுகை விங் கமாண்டர்களுக்கு இருந்தது.

எல்லாம் காய்ந்ததும் மங்கல் வார்னிஷ். கடைசியாகக் கண்ணாடியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம்; அதன் ஆவி கண்ணாடியை வெண்மையாக மூடிவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின் பிரிக்காத பைக்குச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுப்பார்கள். கட்டுவதற்கு அது தேவையில்லை. பை கிழிந்து, படத்தாள் கசங்கி, ஆனால் உதிரிகளும் கண்ணாடியும் முழுதாக இருக்கும் கிட்டைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, பிரிக்கத் தயங்கவும் வேண்டாம்.