தந்தையின் உழைப்புக்கு ஒரு காணிக்கை

செல்வம் கொழிக்கும் நாடென்றே அமெரிக்காவை நாம் எண்ணுகிறோம். ஆயினும், 1945இல் உலகப் போர் ஓய்ந்த பின்னரும் அந்நாட்டு மலைப்புறத்து உழவர் பலர் வறுமையில் உழன்றனர். புகழ்பெற்ற பாடகி டாலி பார்ட்டன் அம்மையார், 1946இல் டென்னசி மாநிலத்தில் அத்தகைய குடியில் பிறந்தவர். மக்கள் பன்னிருவருள் நான்காமவர். பேறு பார்த்த மருத்துவருக்குத் தந்தை அளித்த கூலி ஒரு மூட்டைச் சோளமாவு! குடும்பமே புகையிலைக் கொல்லையில் பாடுபட்டது. கந்தல்களை இணைத்துத் தாய் தைத்த மேலங்கியை அணிந்து பள்ளி சென்ற சிறுமியைத் தோழர்கள் எள்ளினர். அந்நினைவையே பின்னர்ப் பாடலாக்கினார் அம்மையார்.

உழைப்பில் சளைக்காத தந்தைக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. அக்குறையை எண்ணியே, சிறு குழந்தைகளுக்குத் திங்கள்தோறும் ஒரு நூலை இலவசமாக அனுப்பும் பணியை 1995இல் அவர் தொடங்கினார். 2018க்குள் 10 கோடி நூல்கள் வழங்கப்பட்டன. பெற்றோர் பட்ட பாட்டை மறவாத மக்கள் செலுத்தும் நன்றிக்கடன் இதனினும் வேறுண்டோ?