பலகையும் ஓசையும் – 9: முதுகில்லாத வாத்தியம்

பெட்டியின்றி வெறும் பலகையில் ஸ்பீக்கரைப் பொருத்தினால், முன்னலையும் பின்னலையும் விளிம்பில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்றும், அதில் பேஸ்தான் முதற்பலி என்றும் சென்ற வாரம் கண்டோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்க.

எந்த ஸ்பீக்கரை வாங்குவது என்பதே இவ்வாரத்து விஷயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தோட்டத்துத் திருவிழா ஒன்றில் தப்பின் சப்தத்தைக் கேட்டு நின்றபோது தோன்றிய எண்ணம் வேறெதையும் எழுத விடவில்லை.

1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய கூம்பு ஒலிபெருக்கியை உலகுக்கு அளித்தபோது, கூம்பைச் சுற்றிப் பலகை ஏன் வேண்டும் என்பதையும் விளக்கினார்கள். ஆனால் அந்தத் தத்துவத்தைத் தப்பு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பிரத்தியட்சமாகக் காட்டிவந்திருக்கிறது. மரச்சட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் தோல், மறுமுகம் திறந்தவெளி. தோல் முன்னோக்கி நெளியும் கணத்தில் முன்புறக் காற்று அழுந்த, பின்புறக் காற்று தளர்கிறது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர் ஆகையால், அதில் பத்திலொரு பங்குகூட இல்லாத சட்டத்தைச் சுற்றி வரும் பின்னலை, முன்னலையை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. 1,000 ஹெர்ட்ஸிலோ அலையின் நீளம் 34 சென்டிமீட்டராகச் சுருங்கி, வாத்தியத்தின் அகலத்தோடு ஒத்துவிடுகிறது. தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி, குச்சியால் அடித்து, கலைஞர்கள் அந்த மேற்சுருதியையே வாத்தியத்தின் பலமாக்கிக்கொண்டார்கள். எந்நேரமும் பனி இறங்கும் கேமரன் மலையில் ஈரம் தோலைத் தளர்த்துவதால், இங்கே அந்த நெருப்புக்கு வேலை அதிகம். திறந்த மைதானத்தில், தோலின் விளிம்பு காதை நோக்கும்படி பக்கவாட்டில் நகர்ந்து கேட்டால் அடித்தொனி மெலியும். முன்னும் பின்னும் ஓங்கி, இருபக்கமும் ஒடுங்கும் இந்த எட்டு வடிவமே பலகை ஒலிபெருக்கியின் வடிவமும் ஆகும்.

இனிக் கணக்கு. 60 சென்டிமீட்டர் அகலப் பலகையில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 50 ஹெர்ட்ஸில் அது 12 டெசிபல். அதை மீட்கக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆம்ப்ளிஃபயர் 16 மடங்கு சக்தி தர வேண்டும். போதாக்குறைக்கு, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழிலொரு பங்கு குறைவாதலால், அதே அசைவுக்கு இன்னும் 1 டெசிபலுக்குச் சற்று மேல் நஷ்டம்!

இத்தனை நஷ்டத்துக்கும் ஈடாகக் கிடைக்கும் லாபம் இரண்டு. ஹ்யூலெட்-பேக்கர்டில் பொறியாளராக இருந்த சிக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் (1935–2018) தம் பிற்கால ஒலிபெருக்கிகளில் இவ்வடிவத்தை விடாமல் பற்றிநின்றார். அறையின் அதிர்வுகளை இது குறைவாகவே கிளறுவதால் பேஸ் குழம்பாமல் தெளிவாக ஒலிக்கும் என்பது முதல் லாபம். மற்றது நம் லாபம்: 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டு இம்மலையில் தேயிலையை நம்பி வாழ்ந்துவரும் நம்மவருள் எத்தனையோ பேர், ஒரே கூரையின் கீழ் நெருங்கி நிற்கும் லயத்து வீடுகளை அறிந்தவர்கள். பலகையை அடுத்த வீட்டுச் சுவருக்குப் பக்கவாட்டாக அமையும்படி நிறுத்தினால், எதிரொலி சிறிது கசிந்தாலும், நேரடிச் சப்தம் அந்தச் சுவரை நோக்கி மெலிந்தே செல்லும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைப்பது மட்டும் அவசியம். சிறு அறையில் அந்த ஒரு மீட்டருக்கு வீட்டாரின் சம்மதம் பெறுவது வாசகர் பொறுப்பு.

பலகையின் இருபுறமும் சிறகுகள் வைத்து அலையின் பாதையை நீட்டும் முறையும், வாக்களித்த ஸ்பீக்கர் தேர்வும் அடுத்த வாரம். அதற்குள் 12 அங்குல ஸ்பீக்கருக்குக் கடையில் முன்பணம் கட்டிவிட வேண்டாம்.